தெற்குத் தெருவில் மட்டும் உபவாசம்

"ஹலோ... ஹலோ, பொன்மணி... ஆமா, ஆமா, நாந்தான், தங்கபுஷ்பம். வச்சிராதட்டி, வச்சிராத... ரெண்டே ரெண்டு நிமிசம். தீப்பெட்டி ஆபீஸ் வேன் வர இன்னும் நேரம் கெடக்குல்லா... கெடக்கும், கெடக்கும். மேலத்தெரு ஆளுகள ஏத்திட்டுத்தான ஒங்க தெருவுக்கு வருவான்..."

தங்கபுஷ்பம் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள். முன்கூடத்தில் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். மைக்கைக் கையில் கொடுத்தால் வாங்கி வைக்க ரெண்டு பேர் வேண்டும், அப்படிப்பட்ட வாய். அந்த வாய் இன்றைக்குக் காய்ந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறாள், பொன்மணி இப்போதுதான் எடுத்திருக்கிறாள்.

"ஒண்ணுமில்ல... ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வரலயேன்னுதான்... பாட்டுக்குழுல ஒன் எடம் காலியாக் கெடந்துச்சு... பாடுனோம், பாடுனோம், என்னத்தப் பாடுனோம்! நீ இல்லாம ஆளுக்கொரு பக்கமா இழுத்தோம்... ஒடம்புக்கு ஒண்ணுமில்லல்லா?... நல்லாருக்கியா? நல்லது, நல்லது, ஸ்தோத்திரம்... என்னது? அம்மாவா? ஏட்டி, என்னைக்கு நீ என்னைய அம்மான்னு கூப்பிட்ட? பள்ளிக்கூடத்துல இருந்து அக்கா அக்கான்னு பின்னாலயே வந்தவ... சரி. சரி, கூப்பிடு, ஒன் இஷ்டம்."

அந்த ஒரு 'அம்மா' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டில் வேலை செய்கிறவள் முதலாளி வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற தோரணை அது. நாலு வசவு வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"கொடையா... ஆமா ஆமா, கெடச்சது. சௌந்தரபாண்டியன் சார்வாள் வீட்டு வாசக் கேட்டுல தொங்குச்சு. நீதான் கொண்டாந்து மாட்டியிருப்பன்னு நெனச்சேன்... ஐயோ, அந்த வெயில்ல ஓடியாந்தியா? அக்கா கருகிருவான்னா?... வந்தவ ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா, நான் எந்திரிச்சு... ஓ."

சத்தம் கொடுக்காததற்குக் காரணம் உண்டு. போன வெள்ளிக்கிழமை தெற்குத் தெருவில் பொன்மணி கட்டிய புது வீட்டில் சங்கத்தின் வீட்டு ஜெபம். பாஸ்டரம்மாவும் சங்கத்துப் பெண்களும் பாடினார்கள், வேதம் வாசித்தார்கள், புது வீட்டை ஆசீர்வதித்தார்கள். பொன்மணி சாப்பாட்டுப் பாயை விரிக்கப் போன நேரத்தில், இன்றைக்கு உபவாச ஜெபம், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று சொல்லி எழுந்துவிட்டார்கள். எழுந்தவர்கள் நேரே மேலத்தெருவில் வாத்தியார் சார்வாள் வீட்டில் போய் இலை போட்டு உட்கார்ந்தார்கள். தங்கபுஷ்பம் மறந்துவிட்டு வந்த குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்த பொன்மணி, கேட்டுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். சாப்பிட்டு வெளியே வந்து, கேட்டில் குடை தொங்குவதைப் பார்த்தபோதே தங்கபுஷ்பத்துக்கு யார் வந்துபோனது என்று தெரிந்துவிட்டது. அன்றைக்குத் தின்ற சோறு இன்னும் அவளுக்குச் செரிக்கவில்லை.

"அத சாப்பாடுன்னு சொல்ல முடியாதுட்டி. அவிய சும்மா காப்பி குடிச்சிட்டுப் போங்கன்னு... எலையா? ஆமா, எலை போட்டிருந்தாவ... கறியா?... இருந்துச்சு. இல்லன்னு சொல்லல... உபவாசம்னா என்னன்னு கேட்டேன்னா, ஜெபம் முடிஞ்சிட்டா நாம முடிச்சிக்கிடலாம், அதுல ஒண்ணும்... ஆமா. ஜெபம் ஒன் வீட்டுலதான் முடிஞ்சது... ஆமா, அங்கனயே முடிச்சிருக்கலாம்தான்... நான் என்ன சொல்லுதேன்னா... இல்ல, நீ கேக்குதது நியாயந்தான்."

எந்தக் கோர்ட்டில் வைத்தாலும் தோற்கிற கேசு. பேசப் பேசத் தன் வாயே தன்னைக் காட்டிக்கொடுப்பது தெரிந்தும் அவளால் நிறுத்த முடியவில்லை.

"கர்த்தருக்குத் தெரியும்ட்டி என் மனசு... ஆமா. தெரியும். தெரியுங்கதுதான் பயமா இருக்கு. அன்னையில இருந்து முழங்கால் போட்டா ஒரு வார்த்த வர மாட்டேங்கு. கண்ண மூடுனா ஒன் வீட்டு அடுப்புதான் தெரியுது... எம்புட்டுச் சமைச்ச? சொல்லு, நான் கேக்கணும்... ஆட்டுக்கறியா? ஆபீசுக்கு லீவு போட்டுட்டா?... பெறவு யாரு சாப்பிட்டா?... தெருப்பிள்ளைகளக் கூப்பிட்டுப் போட்டியா. நல்லது. பிள்ளைக வயிறாரத் தின்னுச்சில்லா... என்ன தட்டு?... கோவில்பட்டிக்குப் போயா வாங்குன? அதுக்குன்னே போயா?... எங்களுக்குன்னா?... பழைய தட்டப் பாத்து நாங்க மொகம் சுளிச்சிரக் கூடாதுன்னா?... ஸ்டிக்கர்கூடப் பிரிக்காம வச்சிருக்கியா... ஏட்டி, போதும். நிறுத்து. போதும்ட்டி."

அவள் அப்படியே சிலிண்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐம்பது வயதுக்கு மேல் ஒருத்தி இப்படி வெட்கப்படுவாள் என்று அவளுக்கே தெரியாது.

"இருக்கேன், இருக்கேன்... அழல... பொன்மணி, ஒண்ணு சொல்லுதேன், கேளு. பாஸ்டரம்மாவ மனசுல வச்சு வையாத. அவிய பாவம், ஒன் வீட்டுல சாப்பிடத்தான் கை கழுவ எந்திரிச்சாவ. நாந்தான் இழுத்துட்டு வந்தேன்... ஆமா, நாந்தான். ஒன் வீட்டுப் படி ஏறுததுக்கு முன்னாலயே, தெரு முக்குல நின்னு, சாப்பிடச் சொல்லுவா, உபவாச ஜெபம்னு சொல்லிருவோம்னு சொல்லிக் குடுத்தது நாந்தாம்ட்டி... இந்த ஒரு தடவயா? இல்ல. ஒங்க தெருவுல எப்ப ஜெபம் வச்சாலும் உபவாச ஜெபந்தான். மேலத்தெருவுலன்னா வடையும் காப்பியும். இத்தன வருசமா நீ கவனிச்சதில்லயா?... கவனிச்சியா?... மொதல்ல இருந்தேவா?... கவனிச்சிக்கிட்டேதான் ஒவ்வொரு தடவையும் ஒல வச்சியா?"

வந்த பதிலைக் கேட்டு அவள் தலை இன்னும் கொஞ்சம் கவிழ்ந்தது.

"இந்தத் தடவயாவது சாப்பிட மாட்டாளான்னா... நாங்க எதுக்குச் சாப்பிடலன்னா? எதுக்குன்னு ஒனக்குத் தெரியாதா? தெரிஞ்சிக்கிட்டே கேக்குத... என் வாயால வரணுமா... சாதிதாம்ட்டி. வேற என்ன. கோயில்ல ஒரே பாத்திரத்துல வாய் வச்சு நற்கருணை எடுக்குதோம். ஒனக்கடுத்து முழங்கால் போட்டு நான் வாங்கிக் குடிச்சிருக்கேன். அது எறங்குது. ஒன் வீட்டுக் காப்பிதான் எறங்க மாட்டேங்கு. ஞானஸ்நானம் எடுத்து எத்தன தலமொற ஆச்சு, இந்தச் சனியன் மட்டும் எங்கள விட்டுப் போகலட்டி... இரு, இரு, வச்சிராத, இவிய கூப்பிடுதாவ... ஒண்ணுமில்லங்க! சங்கத்து விசயம்! காப்பி பிளாஸ்குல இருக்கு, ஊத்திக் குடிங்க!... ம், சொல்லு. இவிய ஒருத்தர், நேரங்காலம் தெரியாம..."

புருஷனுக்குச் சத்தமாகப் போன குரல் பொன்மணிக்குத் திரும்பும்போது கிசுகிசுப்பாகிவிட்டது. அது அவளுக்கே உறைக்கவில்லை.

"ஏதாவது பேசுட்டி. நாலு வார்த்த வையி. வைதாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறும்... இனிமே கோயிலுக்கே வர மாட்டன்னு மட்டும் சொல்லிராத. என்னால ஒருத்தி கோயிலுக்கு வரதில்லன்னா நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டு மைக்கு முன்னால நிப்பேன்?... என்ன?... என்ன சொன்ன? இன்னொருக்கா சொல்லு... அக்கான்னா கூப்பிட்ட? ஏட்டி, அக்கான்னுதான கூப்பிட்ட?... சாப்பிடவா? ஒன் வீட்டுக்கா?... வாரேன். ஏன் வராம? சத்தியமா வாரேன்... சனிக்கெழம. சரி, சனிக்கெழம... கறியெல்லாம் வேண்டாம்ட்டி, கம்பஞ்சோறும் கருவாட்டுக் கொழம்பும் வையி, போதும். நீ வச்சா நாலு தெருவுக்கு மணக்கும்லா... புதுத் தட்டு வேண்டாம். நீ சாப்பிடுத தட்டுல போடு எனக்கு... நெசமாத்தாம்ட்டி... ஞாயித்துக்கெழம வருவல்லா?... வருவியா! ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், என் தாயி!"

நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எறிந்த மாதிரி இருந்தது. எத்தனை நாளைக்கு அப்புறம் நிம்மதியாக ஒரு மூச்சு! கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சந்தோஷம் தலைக்கேறிவிட்டால் தங்கபுஷ்பத்தின் வாயைப் பிடித்து நிறுத்த ஆளில்லை.

"என்னது, மத்தவளுகளயா?... இல்லட்டி, அவளுக வேண்டாம். இந்தத் தடவ நான் மட்டும் வாரேன்... மத்தியானமா? மத்தியானம் தெருவெல்லாம் ஆளா நிக்கும்லா... இல்ல இல்ல, வெயில் தாழட்டும்னு சொல்லுதேன். கொஞ்சம் மசங்கட்டும், நான் கம்மாக்கர வழியா வந்துருதேன்... சும்மாதாம்ட்டி, நடந்த மாதிரியும் இருக்கும்லா. புது வீட்டுக்குப் பின்வாசல் வச்சிருக்கல்லா?... அப்புறம் ஒண்ணு. ஒம் மக ஆசையில நான் சாப்பிடுதத போட்டோ கீட்டோ எடுத்து சங்கத்து குரூப்புல போட்டுரப் போறா. பிள்ளகிட்ட முன்னாலயே சொல்லி வையி. இவியளுக்குத் தெரிஞ்சா வீட்டுல தேவையில்லாத... தப்பா நெனச்சிராதட்டி, நமக்குள்ளயே இருக்கட்டும்னுதான்... பொன்மணி?"

கொதித்துக்கொண்டிருந்த சோறு மூடியைத் தள்ளிக்கொண்டு அடுப்பில் வழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஹலோ... ஏட்டி, வேன் வந்துட்டா?... ஹலோ... பொன்மணி, கேக்குதா? நான் என்ன சொல்ல வந்தேன்னா... முன்வாசல்லயே வாரேம்ட்டி... ஹலோ... ஹலோ..."

காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். டவர் நாலு கோடும் முழுசாக இருந்தது.