மன்னிப்புக் கேட்கச் சொன்னவள்

போலீஸ் ஸ்டேஷனில் டீ கொடுத்ததற்கு நன்றி, மேடம். வாயால் சொல்வதைவிட எழுதித் தருகிறேன் என்று கேட்டதும் மறுக்காமல் தாள் கொடுத்துவிட்டீர்கள். எனக்கு எழுதத்தான் வரும். பேசுவதற்கு நந்தினி இருந்தாள்.

நீங்கள் கேட்டது ஒன்றுதான்: அந்தப் போட்டோவை யார் அனுப்பியது. நான்தான். ஆனால் அதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஏதோ ஒரு பொறாமைக்காரி செய்த சில்லறை வேலை என்று ஆகிவிடும். அதில் எனக்கு விருப்பமில்லை.

நானும் நந்தினியும் ஒரே குப்பம், ஒரே பள்ளிக்கூடம், பொன்னேரியில் ஒரே காலேஜ். டிகிரி முடித்ததும் சென்னையில் வேணு சாரின் ஆபீசில் இரண்டு பேரும் இன்டர்னாகச் சேர்ந்தோம். மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இரண்டு ரூம், அவ்வளவுதான் ஆபீஸ். கம்பெனிகளைப் பற்றி ஊரில் நல்லபடியாகப் பேச வைப்பது அங்கே தொழில். பிரஸ் நோட் எழுதுவோம், நிருபர்களுக்கு போன் போட்டு நச்சரிப்போம், வந்த செய்தியை வெட்டி ஒட்டுவோம். பயிற்சி முடிந்ததும் ஒருத்திக்கு மட்டும்தான் வேலை என்று சேரும்போதே சொல்லிவிட்டார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. இது நந்தினிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு அந்த வேலை வேண்டும். கிடைக்காவிட்டால் தை மாதம் அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. நந்தினிக்கு அப்படி எந்த நெருக்கடியும் இல்லை. அவள் நைனா தேவேந்திரன் மாமா, மகள் எவ்வளவு படித்தாலும் சரி என்கிற ஆள். என் மகள் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறாள் என்று பார்க்கிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். நான் என் வீட்டில் டைப் அடிக்கிற வேலை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் ரிசார்ட் கட்ட வந்த ஒரு கம்பெனிதான் எங்களுக்குப் பெரிய கிளையன்ட். அவர்கள் படகுத்துறை கேட்ட இடம் எங்கள் ஊருக்குப் பாடு விழுகிற இடம். யார் என்றைக்கு எங்கே வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்வதைத்தான் பாடு என்போம். பாடு இல்லாத வீட்டில் அடுப்பு எரியாது. படகுத்துறையைத் தள்ளி வைத்துக்கொண்டால் ஊர் சண்டைக்கு வராது என்று யோசித்து எழுதியது நான். அதை ரயிலில் ஒரு தடவை படித்துவிட்டு, மீட்டிங்கில் எழுந்து நின்று தன் வீட்டுச் சொத்து மாதிரி எடுத்துச் சொன்னது நந்தினி. எல்லோரும் கைதட்டினார்கள். வேணு சார் அவளைப் பார்த்து, இந்தப் பெண் பிழைத்துக்கொள்ளும் என்றார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது, அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்குகிறவரை, நம்ம ரெண்டு பேருக்கும்தான்டி இந்தப் பேரு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ரெண்டு பேருக்கும் என்றால் என் பெயரை யார் சொன்னது? வயிறு எரிந்தது, மேடம். இதை எழுதும்போதும் எரிகிறது.

அந்த மீட்டிங்கில் ரிசார்ட் மேனேஜர் எங்கள் இரண்டு பேருக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார், வேணு சார் போட்டோ எடுத்தார். அதிலிருந்து என்னை வெட்டி எடுத்துவிட்டேன். மேனேஜர் கொடுக்க நந்தினி சிரித்துக்கொண்டே வாங்குவது மட்டும் மிஞ்சியது. வேறு ஒரு சிம்மிலிருந்து செல்வம்மாள் அக்காவுக்கு அனுப்பினேன். கரையில் மீன் ஏலம் விடுகிறவர், அவர் போனுக்கு ஒன்று வந்தால் ஊருக்கே வந்த மாதிரி. போட்டோவோடு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நாம் சொல்லக் கூடாது, ஊர் சொல்ல வேண்டும் என்பது வேணு சாரின் முதல் பாடம். மத்தியானத்துக்குள் பாக்ஸுக்குள்ளே பணம், பாடு விழுகிற இடத்தை விட்டுக்கொடுக்க வாங்கியது என்றார்கள். சாயந்திரம் நகை என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஊர்க் கூட்டம் வைத்தார்கள். எங்கள் பக்கம் கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. அதனால் நந்தினி வாய் அங்கே செல்லாது, அவள் நைனாதான் பேச வேண்டும். முந்தின நாள் மாமா என்னைத் தேடி வந்தார்.

"நீயும் அங்கதான கீற. இன்னா பேசணும்னு சொல்லிக்குடு கண்ணு."

"எடுத்ததும் ஊர் கால்ல வுழுந்து மன்னிப்பு கேட்டுடுங்க மாமா. வெளக்கம் பின்னாடி சொல்லிக்கலாம்."

"வுழுந்தா ஒத்துக்கினா மாதிரி ஆயிடுமேம்மா."

அதெல்லாம் பழைய காலம், இப்போது பெரிய பெரிய கம்பெனியே முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறது, வேண்டுமானால் நந்தினியையே கேளுங்கள் என்றேன். அவர் போய்க் கேட்டிருக்கிறார். அவளும் ஆமாம் நைனா, அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள் என்றிருக்கிறாள். ஆபீசில் அது சரியான பாடம்தான். ஊரில் அப்படி இல்லை. என் நைனா ஊர்ப் பெரியவர்களில் ஒருவர், சாப்பிடும்போது எல்லா வழக்கையும் சொல்வார். விழுந்தவனுக்கு அதற்குமேல் பேச்சில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மாமாவுக்கும் தெரியும். ஆனால் அவர் படிப்பை நம்பினார். படித்த பெண்கள் இரண்டு பேர் சொன்ன பிறகு அந்த மனிதர் என்ன செய்வார்?

விழுந்தார். விளக்கம் சொல்ல எழுந்தபோது, அதான் ஒத்துக்கொண்டாயே, உட்கார் என்றார்கள். பாடு முறையிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். ஊர்விலக்கும் வைத்தார்கள், யாரும் பேசக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது. என்னைப் பற்றியும் யாரோ கேட்டிருக்கிறார்கள். என் நைனா, அது டைப் அடிக்கிறது என்று சொல்லிவிட்டார். வேணு சாரும் விஷயம் தெரிந்ததும், ஊரே ஒதுக்கின பெண்ணை வைத்துக்கொண்டு நான் அந்த ஊரில் என்ன வேலை பார்ப்பது என்று நந்தினியை நிறுத்திவிட்டார். வேலை எனக்கு வந்தது. நியாயமாக எனக்கு வர வேண்டியதுதான்.

இதோடு முடிந்திருக்கும். மாமாதான் விடவில்லை. விலக்கு இருக்கும்போதே எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றார். அப்போதும் என்மேல் அவருக்குச் சந்தேகமே இல்லை. "அடுத்த கூட்டத்துக்குள்ள உங்க நைனாகிட்ட ஒரு வார்த்த சொல்லும்மா. நானும் அங்கதான் வேல செய்றேன், அந்த டப்பாவுல வெறும் ஸ்வீட்டுதான், எனக்கும் குடுத்தாங்கன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க" என்றார். சரி மாமா என்றேன், நைனாவிடம் சொல்லவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. மகள் என் எழுத்தை எடுத்துக்கொண்டாள், அப்பன் என் வேலையையும் என் பெயரையும் சேர்த்துக் கேட்கிறான், அதுவும் கை கூப்பிக்கொண்டு.

ஏரியில் பாடு இல்லாததால் அவர் கடலுக்குப் போக ஆரம்பித்தார். கூட ஆள் வராது, தனியாகத்தான். வாடைக் காற்று அடிக்கிற மாதத்தில் முகத்துவாரத்தைத் தனியாளாகத் தாண்டுவது எப்படியிருக்கும் என்று நீங்கள் இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போன மாதம் தோணிரேவில் ஒரு கல்யாணத்துக்கு எங்கள் ஊர் மொத்தமும் போயிருந்த நாளில் அவர் படகு கவிழ்ந்தது. மறுநாள் காலையில் உடல் ஒதுங்கியது.

விலக்கையெல்லாம் மறந்து ஊரே சாவுக்கு வந்தது. என் நைனா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நான் வூட்லதான இருந்தேன். கரையில என் படகு நிக்குது. ஒரு கொரல் கேட்டிருந்தா போயிருப்பனே. தண்ணியில வுழுந்தவனுக்கு ஏது விலக்கு?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நந்தினி அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எங்க நைனா நல்லா நீந்துவாரு. எவ்ளோ நேரம் நீந்தினு இருந்திருப்பாரு, சரண்யா?"

அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. கருவாடு அள்ள மாடிக்குப் போயிருந்தேன். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் முகத்துவாரம் தெரியும். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மாமா ஒரு கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினார். கீழே என் நைனா வலை பிரித்துக்கொண்டிருந்தார். இன்னாம்மா அங்கயே பாத்துனு நிக்கிற என்று கேட்டார். ஒன்றுமில்லை நைனா என்றேன். வெயில் இறங்கியது. கை தூக்குவது குறைந்தது. அப்புறம் தலை மட்டும் தெரிந்தது.

யாரும் பேசக் கூடாது என்று ஊர் விலக்கி வைத்த ஆளுக்காக நான் குரல் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் இருட்டுகிறவரை மாடியை விட்டு இறங்கவே இல்லை, மேடம். கடைசி நேரத்தில் அந்த மனிதரைத் தனியாக விட்டுவிட்டேன் என்று மட்டும் யாரும் என்னைச் சொல்ல முடியாது.