மை விழாத இடம்

ஹலோ... ஹலோ, ஞானதாசன் அண்ணனா?... நான் சுபிதா பேசுதேன், மேக்காமண்டபத்துல இருந்து... நாளைக்குக் கல்யாணம் உள்ள சுபிதா. மண்டபத்து வாசல்ல வைக்கதுக்கு ஆள் உசரத்துல ஒரு போட்டோ, ஒங்க லேபுல இருந்து இப்பம்தான் கொண்டு தந்துட்டுப் போனாவ... ஆமா, ஆமா, அந்தப் படத்துல உள்ள பொண்ணு நான்தான்.

கொள்ளாமான்னு கேக்கியளா?... கொள்ளாது, நல்லா இல்ல. அதுக்குத்தான் விளிச்சேன்.

இல்ல, கலரு செரிதான். முடி, சேலை எல்லாம் செரி. நீங்க கோட்டிங் அடிச்ச அடியைத்தான் சொல்லுதேன்... நில்லுங்க, நான் சொல்லி முடிச்சிருதேன். சுவத்துல சாத்தி வச்சு நேரே நின்னு பாத்தா ஒண்ணும் தெரியேல. கொஞ்சம் சரிஞ்சு நின்னா, முடி பளபளன்னு இருக்கு, கருத்த தோலு பளபளன்னு இருக்கு. எனக்க கன்னத்துலயும் கையிலயும் உள்ள வெள்ளை மட்டும் மங்கிப்போய்க் கிடக்கு. படத்தை யாரோ அங்கங்க சொரண்டி எடுத்த மாதிரி...

ஆமா, வெள்ளைப்பாண்டுதான். பள்ளிக்கூடத்துல படிக்கும்போ வந்தது. அதைக் கேக்கதுக்கு எதுக்குக் கொரலைத் தாழ்த்துதிய?

...பேப்பருக்க குறையா? இல்ல அண்ணே. போட்டோ எடுத்த செல்வன் அண்ணன் இப்பம் இஞ்சதான் நின்னாரு. பாத்த உடனே சொல்லிட்டாரு. ஒங்க மெஷின்ல பளபளப்புக்குப் போடுத கிளாஸ் கோட்டிங்கை ரெண்டு விதமா வைக்கலாமாம். படம் முழுக்க வைக்கலாம். இல்லேன்னா மை விழுந்த இடத்துல மட்டும் வைக்கலாம். நீங்க மை விழுந்த இடத்துல மட்டும் வச்சிருக்கிய. எனக்க வெள்ளை உள்ள இடத்துல மெஷின் மையே விடேல, வெறும் பேப்பருதான். அப்பம் கோட்டிங்கும் விழாது. செரியா, தப்பா?... செரின்னா பிறகு எதுக்குப் பேப்பரைக் குறை சொன்னிய?

...எப்பவும் அப்பிடித்தான் வைப்பியளோ. வையுங்க. மத்தவங்களுக்க மூஞ்சியில ஓட்டை தெரியாது.

இல்ல, நான் சத்தம் போடேல. எனக்க பேச்சே இப்பிடித்தான்.

செரி... செரி, சொல்லுங்க... என்னது?... கம்ப்யூட்டர்ல அந்த வெள்ளையில நிறம் குடுத்து மூடிரலாமா... மூடிட்டா மை விழும், மை விழுந்தா கோட்டிங்கும் விழும்... ம்.

வேண்டாம்... அண்ணே, வேண்டாம்னு சொன்னேன். அதுல கை வைக்காதீங்க.

ஏன்னு கேக்கிய. இதுக்கு மின்ன ஒரு ஸ்டுடியோவுல அப்பிடி மூடித் தந்த படத்தைத்தான் எங்க வீட்டுல களியக்காவிளையில ஒரு இடத்துக்கு அனுப்பினாவ. அவங்க பொண்ணு பாக்க காரு பிடிச்சு வந்தாங்க. நான் சாயா கொண்டு போனேன். மாப்பிள்ளைக்க அம்மை எனக்க கையைப் பாத்தா, மூஞ்சியைப் பாத்தா, சாயாவைத் தொடாம எழும்பிட்டா. ஏமாத்துக்காரங்கன்னு முற்றத்துல நின்னு சொல்லிட்டுப் போனா. நாங்க ஏமாத்தினது நெசம்தானே, என்ன பதில் சொல்லதுக்கு?

...நாளைக்கு என்னைக் கட்டுத குமாரதாசுக்குத் தெரியும். அவரு படத்தைப் பாத்து வந்தவரு இல்ல. ஒரே ஆபீஸ்ல எனக்க எதிர்ல இருந்து வேலை பாத்தவரு. அவருக்க சொந்தக்காரங்க பலருக்கும்தான் தெரியாது. நாளைக்கு மண்டபத்துல ஏறுத எல்லாரும் வாசல்ல இந்தப் படத்தைப் பாத்துட்டு ஏறட்டு. நான் மேடையில நிக்கும்போ ஒருத்தருக்கொருத்தர் காதுல சொல்லதுக்குப் புதுசா ஒண்ணும் மிச்சம் இருக்கப்படாது. கேக்குதியளா?...

பிறகு ஏன் இப்பிடி இழுக்கிய?... எந்தப் படம்?... ரெண்டாவது படமா? நான் ஒண்ணுதானே சொன்னேன்... யாரு விளிச்சு சொன்னா?... எப்பம்?...

எங்க அம்மையா.

வைக்காதீங்க. லைன்ல நில்லுங்க... அம்மா. அம்மா, இஞ்ச வா. நீ லேபுக்கு போன் செய்தியா?... வெள்ளை இல்லாம ஒண்ணு அடிக்கச் சொன்னியா?... கீழ பாக்காத, என்னைப் பாத்துச் சொல்லு... எனக்குத் தெரியாம மண்டபத்துல கொண்டு மாத்தி வைக்கலாம்னு இருந்தியா...

ஹலோ. ஆமா, நிக்கேன். அம்மைதான். ஆமான்னு சொல்லுதா. நீங்களும் வாய் திறக்காம அடிச்சுச் சுருட்டி வச்சிட்டிய. படத்துல உள்ளது நான். எனக்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணேலியா ஒங்களுக்கு?... அம்மை அழுதாளா. அவ அழுதா ஒங்களுக்கு என்ன, கடையில எத்தனை பேரு வந்து அழுவாவ...

...கோட்டிங் தீரப்போவுதா? இனி ஒரு படத்துக்கு உள்ளதுதான் மிச்சமா?... ஒண்ணு போரும். எனக்க படத்தை அடிங்க. வெள்ளையைத் தொடாண்டாம். மை இருக்கா இல்லியான்னு பாக்காண்டாம், கோட்டிங்கை இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் ஒரே மாதிரி வையுங்க. நான் வந்த பிறகு அடிச்சாப் போரும், பக்கத்துல நிப்பேன்... கல்யாணப் பொண்ணு வெளியே இறங்கப்படாதுன்னு ஊருல எல்லாரும் சொல்லியாச்சு, நீங்களும் சொல்லாண்டாம்.

மத்ததா?... கிழிக்காண்டாம். எடுத்து வையுங்க, அம்மைக்கிட்ட குடுக்குதேன். அப்பிடி ஒரு மகள் வேணும்னா வீட்டுல மாட்டி வச்சுப் பாத்துக்கிடட்டு...

...ஒங்ககிட்ட இல்ல அண்ணே, அம்மைக்கிட்ட. ஒரு நிமிஷம்... கரையாத... அழாதம்மா. நீ நல்லதுன்னு நினைச்சுத்தான் செய்த, எனக்குத் தெரியாதா. தெரிஞ்சதுனாலதான் இம்புட்டுக் கோவம்... விடு. கையை விடு, போன் விழுந்திரும்... என்னது?... நீ எதுக்கு?... வீட்டுல இத்தனை பேரு வந்திருக்கும்போ... செரி. செரி.

ஹலோ, அண்ணே. மெஷினை ஓட விட்டு வையுங்க. அம்மையும் வாறாளாம். வெள்ளையோட அந்தப் படம் அடிச்சு வரது அவளும் நின்னு பாக்கணுமாம்... தெரியேல, அவதான் சொல்லுதா... செருப்பு போட்டு வாசல்ல இறங்கிட்டா, நான்தான் நிக்கேன். வைக்கேன்.