நனைந்தால் சுருங்கும்

ஒருமுறை பார்த்த முகத்தை நான் மறப்பதில்லை. ஆட்டையாம்பட்டிச் சந்தையில் விற்ற ஆட்டை மறுவாரம் குழம்பில் அடையாளம் கண்டவன் என்று குமாரபாளையத்தில் என்னைப் பற்றிப் பேசுவார்கள். அதில் பாதிதான் பொய். இந்தப் பெயர் இருந்ததால்தான், காவிரி வெள்ளத்தில் ஒரு பிணம் படித்துறையில் ஒதுங்கியபோது போலீசு ஏட்டய்யா எனக்கு ஆள் அனுப்பினார்.

மீன் அரித்த முகம். என் கூட்டாளி அர்த்தநாரி, வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு எங்கோ போய் மாதங்கள் ஆகியிருந்தன. அவன் மனைவி பாவாயி கரையில் நின்று என் வாயையே பார்த்தாள். பிணத்தின் வலது கால் பெருவிரலில் தறி மிதித்த காய்ப்பு இருந்தது.

"அர்த்தநாரிதானுங்க. காலைப் பாருங்க," என்றேன்.

சுற்றி நின்ற ஆண்கள் அத்தனை பேர் காலிலும் அதே காய்ப்பு. யாரும் குனிந்து பார்க்கவில்லை.

"அவன் நெட்டையனாச்சேப்பா. இது குட்டையா இருக்குது," என்றார் ஏட்டய்யா.

"நனைஞ்சா சுருங்காதுங்களா?"

நெசவுக்காரக் கூட்டம்; எல்லோரும் தலையாட்டினார்கள். புதுத் துணி நனைந்தால் முழத்துக்கு இரண்டு விரல் போகும். ஆளும் போவான் என்று நம்பியது அவர்கள் தப்பு. நம்பாமல் சொன்னது என்னுடையது.

ஏன் சொன்னாய் என்று கேட்கிறீர்கள். சின்ன வயதிலிருந்தே எனக்கு அவனாக இருக்க ஆசை, அவ்வளவுதான். அவன் சிரித்தால் தறிக்கூடமே சிரிக்கும். அவன் துண்டு போடுவதுபோல நானும் போட்டுப் பார்ப்பேன்; என் தோளில் அது வழுக்கும். காரியம் முடிந்தபின் அவன் தறிக்குழியில் நான் இறங்கினேன். பாவாயி கஞ்சி ஊற்றினாள். ஒரு நாள் அவன் சிரிப்பு என் தொண்டையிலிருந்து வந்தது. பாவாயி கலயத்தைக் கீழே போட்டாள். வெட்கமாக இருந்தது. மறுபடியும் சிரித்தேன்.

அடுத்த ஆடியில் அவன் பரிசலில் வந்து இறங்கினான். பம்பாயில் அம்மை போட்டு முகமெல்லாம் தழும்பு. முதுகு கூனி, நிஜமாகவே சுருங்கித்தான் வந்திருந்தான். சிலர் ஆவி என்றார்கள், சிலர் ஏமாற்றுக்காரன் என்றார்கள். பாவாயி வாசற்படியை மறித்து நின்றாள்.

"மாரியப்பண்ணன் சொல்லட்டுங்க," என்று என்னைக் காட்டினாள்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

"டேய் மாரி, என்னையத் தெரியலையாடா? எங்க ஊட்டு வாசல்ல என்னையவே நிறுத்தி வெச்சிருக்கறாங்க பாரு."

"ஆருங்க நீங்க?" என்றேன்.

கோவணம் கட்டாத வயதிலிருந்து 'டா' போட்டுப் பேசியவனுக்கு அந்த 'ங்க' போதும். சிரிப்பு நின்றது. தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டான். பிறகு ஆற்றுப் பக்கம் நடந்தான். 'டேய்' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பான். நான் கூப்பிடவில்லை.

மறுநாள் ஏட்டய்யா மறுபடி ஆள் அனுப்பினார். அதே படித்துறை.

"இந்த ஆளைத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

அநாதைப் பிணமாகப் புதைத்தார்கள். அன்றிலிருந்து யார் முன்னாலும் கால் நீட்டி உட்கார எனக்குக் கூசுகிறது. இப்போதும் பாருங்கள், பெருவிரலை வேட்டிக்குள் இழுத்து வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அர்த்தநாரி காவிரியில் செத்தான் என்று நான் முதலில் சொன்ன அடையாளம் பொய்யில்லை. நாள்தான் கொஞ்சம் முந்திவிட்டது.