ரெண்டு ஹெட்ஃபோனும் மூணாம் ஓலையும்

— இப்பம் கறுப்ப எடுத்துட்டு சாம்பல வைக்கேன். அசையாத இரு, அஜிதா. வித்தியாசம் தெரியுதா?

— தெரியுது. இது சாம்பல்.

— நெறத்த கேக்கல்ல. சத்தத்த கேட்டேன்.

— சத்தமும் சாம்பலாத்தான் இருக்கு.

— வெளையாடாத. கறுப்புல பாட்டு ஒரு சின்ன முறிக்குள்ள நடக்கும். சாம்பல்ல அந்த முறிக்க சுவரு பின்னால போகும், கேட்டியா. அதத்தான் சவுண்ட்ஸ்டேஜ்ணு சொல்லுகது.

— எத்தன அடி பின்னால போச்சு?

— அதுக்கு அடிக்கணக்கு கிடையாது.

— மூணு வருஷம் பிஎஸ்சி பிசிக்ஸ் படிச்சேன். சுவரு நகந்தா அளக்கலாம்ணுதான் சொல்லித் தந்தாங்க.

— நெட்டுல பெரிய பெரிய ஆளுவ எழுதியிருக்காங்க, கேட்டியா. கறுப்பு கொஞ்சம் இருட்டு. சாம்பல்ல காத்து அதிகம்.

— காத்து வேணும்ணா முட்டத்துல லைட் அவுஸ் பக்கத்துல போய் நிண்ணா போதாதா? தலையில ஒண்ணும் மாட்டாண்டாம்.

— நீ சிரிக்கதுக்குண்ணே வந்திருக்க.

— நான் சிரிக்கல்ல. ரெண்டும் ஒரே கம்பெனி. ஒரே முந்நூறு ஓம் மின்தடை. ஒரே வெல்வெட்டு. வயரும் ஒண்ணுதான், மாத்தி மாத்திக் குத்துகீங்க. இரட்டப் பிள்ளைகள பக்கத்துல நிறுத்திட்டு யாருக்க மூக்கு நல்லா இருக்குண்ணு கேக்குத மாதிரி இருக்கு.

— சாம்பலுக்கு பதினஞ்சு கிராம் குறவு.

— அத முதல்லயே சொல்லியிருக்கலாம். அது அளக்கக்கூடிய காரியம். ஆமா, பின்னால எதுக்கு ஓட்ட ஓட்டயா இருக்கு? தேங்காப்பால் அரிக்குத அரிப்பு மாதிரி?

— அதாக்கும் ஓப்பன்பேக். பின்பக்கம் அடைக்காம வல மட்டும் வச்சிருக்கு. சத்தம் காதுக்குள்ள நெரிஞ்சு கிடக்காது, தாராளமா வரும். உள்ள உள்ளது வெளிய கேக்கும், வெளிய உள்ளது உள்ள கேக்கும். பஸ்ஸுக்கும் பிளேனுக்கும் இது கொள்ளாது. வீட்டுல அமைதியா இருந்து கேக்கதுக்குள்ளது.

— வீட்டுல அமைதியா? எந்த ஊரு வீட்டுல? பக்கத்து வீட்டுல ரப்பர் ஷீட் அடிக்க மிஷின் ஓடுது. அடுக்களையில மாமிக்க மிக்ஸி ஓடுது. எதிர்த்தால ஜெபக்கூட்டத்துக்கு மைக் டெஸ்டிங் நடக்குது. இவ்வளவும் உள்ள வரும்ணா, வெறும் காதே ஓப்பன்பேக்தானே? அதுக்குப் போய் பெட்டி, பூட்டு, வாரண்டி.

— உனக்கு ரசன இல்ல.

— இல்லதான். ஒரு சந்தேகம். ஒண்ணு வாங்கினவங்களுக்கு ஆசைண்ணு வச்சுக்கிடலாம். அதே மாதிரி ரெண்டாவது எதுக்கு?

— சும்மா. ஒப்பிட்டுப் பாக்கதுக்கு.

— சும்மா ஒப்பிட்டுப் பாக்கதுக்கு. சரி.

— பின்ன என்ன?

— ஒண்ணுமில்ல. நிச்சயம் கழிஞ்சு முதல் தடவையா நம்மள ஒரு முறியில இருத்திட்டு அப்பாமாரு ரெண்டுபேரும் குழித்துறையில மண்டபம் பாக்கப் போயிருக்காங்க. வந்து முக்கா மணிக்கூர் ஆச்சு. இதுவரைக்கும் நீங்க என்னட்ட கேட்ட கேள்வி மொத்தம் ரெண்டு. கறுப்பா? சாம்பலா?

— நீயும் என்னட்ட ஒண்ணும் கேக்கல்லியே.

— எத்தன அடிண்ணு கேட்டேன். பதில் வரல்ல. ரெண்டு ஞாயித்துக்கிழமை சபையில நம்ம கல்யாண ஓல வாசிச்சாச்சு. இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை உண்டாண்ணு போதகர் கேட்டப்ப சபையில ஒருத்தர் இருமினாங்க. அவ்வளவுதான். நாள கழிஞ்சு ஞாயித்துக்கிழமை மூணாம் ஓல. அதோட கேள்வி கேக்குத வாசல் அடைஞ்சிரும். அதுக்குள்ள ஒங்களப் பத்தி எனக்கு என்ன தெரியும்? கத்தார்ல கேஸ் பிளாண்டு. புதுசா புரமோஷன். ரெண்டு ஹெட்ஃபோன். ஒண்ணு கறுப்பு, ஒண்ணு சாம்பல்.

— செரி, செரி. கடசியா ஒண்ணு மட்டும் கேளு. ஒங்க பாடகர் குழுவுக்க கிறிஸ்மஸ் ரெக்கார்டிங்.

— அந்தக் கொடுமையா?

— நீ பாடினதுதானே. கண்ண மூடிட்டுக் கேளு. நான் இங்க வலதுபக்கம் மாறி இருந்துக்கிடுதேன். போட்டாச்சு.

— ம்.

— மக்களே, சாயா கொண்டு வந்திருக்கேன். முந்திரிக்கொத்தும் உண்டும், எடுத்துக்க. ஏலே ஜெரிஷே, இந்தப் பிள்ள என்ன, கண்ண மூடிட்டு மிண்டாம இருக்கு?

— பாட்டு கேட்டுட்டிருக்கா, அம்மா.

— நான் பேசுகது கேக்காதா?

— பாட்டு ஓடுதுல்லா. கேக்காது.

— ஒண்ணுமே? ஏட்டி அஜிதா! முந்திரிக்கொத்துல இனிப்பு போதுமா மக்களே? பாத்தியாலே, அசையல்ல. இது நல்ல சாமானமாட்டு இருக்கே. ஒனக்க அப்பனுக்கு எனக்க பேச்சு கேக்காண்டாம்ணுதான் தினமும் ரோட்டுக்கு எறங்கிப் போறாரு. அவருக்கும் ஒண்ணு வாங்கிக் குடு, வீட்டுலயே கிடக்கட்டு.

— செரி. என்னமோ சொல்ல வந்த மாதிரி நிக்கியே?

— சொல்லத்தான் வந்தேன். சாமானத்தக் காட்டுகேன், சாமானத்தக் காட்டுகேன்ணு காது கதைய எடுத்துராத.

— எந்தக் கதைய?

— எந்தக் கதையாம்! ஒனக்க இடது காது கதைய. திருவனந்தபுரத்து டாக்டரு சொன்னது நம்ம மூணுபேருக்குள்ள இருக்கட்டு. நாள கழிஞ்சு ஓல வாசிச்சு முடியட்டு, கல்யாணம் நல்லபடியா கழியட்டு. பொறவு மெள்ள சொல்லிக்கிடலாம்.

— பொறவுண்ணா எப்பம்?

— ஒரு பிள்ள பெறந்த பொறவு.

— அம்மா!

— என்னலே அம்மா? பிள்ள பெறந்தா பிள்ளைக்க காதத்தான் எல்லாரும் பாப்பாங்க. அப்பனுக்க காத யாரு பாக்கா?

— ஸ்டோருக்கு மாத்தினத புரமோஷன்ணு வேற சொல்லி வச்சிருக்க.

— மிஷினுக்க பக்கத்துல வெயில்ல நிண்ணவன் இப்பம் கசேரியில இருக்கான். ஸ்டோருக்குள்ள ஏசி உண்டும்லா? ஏசி உண்டும்ணா அது புரமோஷன்தான்.

— அவளுக்க அப்பா, தங்கையன் சார், நாளைக்குத் தெரிஞ்சு கேட்டா?

— கேட்டா எனக்கும் இப்பந்தான் தெரியும் சாரேண்ணு ரெண்டு சொட்டு கண்ணீர் விடுகேன். அத எங்கிட்ட விடு. பிள்ள நல்ல பிள்ள. கொஞ்சம் மெலிவு, மொகத்துல சிரிப்பு கம்மி. ஆனா அடக்கம் உண்டும், வாயத் தொறக்காது. இப்படி ஒண்ணு கிடைக்கது கர்த்தருக்க கிருப. கெடுத்துராத. சாயா ஆறுது, பாட்டு முடிஞ்சா குடிக்கச் சொல்லு.

— சொல்லுகேன்.

— அடுப்புல பால் இருக்கு. வாறேன்.

— அஜிதா. சாயா ஆறுது.

— மாமி போயாச்சா?

— போயாச்சு. எப்படி இருந்துச்சு?

— தெளிவா இருந்துச்சு. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியா கேட்டுச்சு. ஒங்களுக்கு ஒரு கேள்வி. இந்தப் பாட்டுல நான் எந்தப் பக்கம் நிண்ணு பாடுகேன்?

— நடுவுல.

— நாங்க ஆல்டோ, கீழ்க்குரல் பாடுக பொம்பளப் பிள்ளைக, அஞ்சு பேரு. இடது ஓரம், தூணுக்குப் பக்கத்துல. எங்களுக்குண்ணு தனியா ஒரு மைக் வச்சிருந்தாங்க.

— அப்படியா.

— சுவரு பின்னால போச்சு, காத்து வந்துச்சுண்ணு வீடு கட்டினீங்க. அந்த வீட்டுக்கு இடதுபக்கம் சுவரே இல்லியே.

— கேட்டுட்ட.

— ஒரு பிள்ள பெறந்த பொறவு கேக்க வேண்டியது. கொஞ்சம் முன்னாடியே கேட்டாச்சு.

— அஜிதா, நான் சொல்லுகத—

— எப்பம் போச்சு காது?

— போனது எப்பம்ணு தெரியாது. பதினோரு வருஷம் கம்ப்ரசருக்க பக்கத்துல வேல. தெரிஞ்சது ஜனவரியில. அதுவும் ஒன்னாலத்தான்.

— என்னாலயா?

— சம்பந்தம் பேசின ஒடனே ஒங்க அப்பா இந்தப் பாட்ட அனுப்பினாங்க. எனக்க மக பாடியிருக்கா, கேளுங்கண்ணு. கறுப்பு அப்பமே எங்கிட்ட இருந்துச்சு. போட்டேன். ஆம்பிளைகளுக்க டெனர் உண்டும், பேஸ் உண்டும். பொம்பளப் பிள்ளைகளுக்க சத்தம் எங்கயோ தூரத்துல. ஒன்னக் காணவே இல்ல. அந்த ஒரு பாட்ட அம்பது தடவ போட்டிருப்பேன்.

— ஹெட்ஃபோனுக்குத்தான் ஏச்சு கிடைச்சிருக்கும்.

— பின்ன? இடதுபக்கம் கேடுண்ணு கம்பெனிக்கு மெயில் போட்டேன். ஒரு வாரம் சண்ட பிடிச்சேன். அவனுவ ஒண்ணும் கேடில்லண்ணு சாதிச்சானுவ. வீம்புக்கு சாம்பல வாங்கினேன். அதுலயும் நீ இல்ல.

— ரெண்டு ஹெட்ஃபோனுக்கும் ஒரே பக்கம் கேடு. அப்பவும் வெளங்கல்லியா?

— வெளங்கல்ல. ரெண்டுக்கும் வித்தியாசம் என்னண்ணு படிச்சுட்டிருந்தேன். ஒருநாள் தெரியாம இடம்வலம் மாத்தி மாட்டிட்டேன். நீ வந்த. மத்தவங்க எல்லாரும் போனாங்க.

— நான் நல்லா பாடினேனா?

— ரெண்டாவது சரணத்துல ஒரு எடத்துல எல்லாருக்கும் முந்திட்ட.

— அது ஒரு காது உள்ளவங்களுக்கும் கேக்கும். சரி. கத கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஜனவரியில தெரிஞ்சது. இது மே. நடுவுல நிச்சயம் நடந்தாச்சு, ரெண்டு ஓலயும் வாசிச்சாச்சு. ரெண்டு ரெண்டு நிமிஷம்ணாலும் தினமும் போன்ல பேசினோம். எந்தக் காதுல வச்சுப் பேசினீங்க?

— வலது காதுல.

— நல்ல காதுல வச்சிட்டே மறைச்சிருக்கீங்க.

— எத்தனையோ தடவ சொல்லப் பாத்தேன். வாயில வரல்ல.

— காது போனா கூடவே வாயும் போவுமா? மாமிட்ட மட்டும் டக்குண்ணு வந்துச்சே. பாட்டு ஓடுது, அவளுக்குக் கேக்காதுண்ணு. அதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் எனக்கு ஓப்பன்பேக் பாடம் எடுத்தீங்க. அம்மய கண்டதும் பாடம் மறந்துபோச்சா?

— மறக்கல்ல.

— பின்ன எதுக்கு கேக்காதுண்ணு சொன்னீங்க?

— பாட்டு எப்பம் நிண்ணுது?

— மாமி வாசல்ல வந்தப்ப. பாட்டு தானா முடிஞ்சுதுண்ணு நெனச்சேன்.

— மூணாவது சரணம் பாக்கி இருந்துச்சு. போன் எனக்க கையில.

— நீங்களா நிறுத்தினீங்க?

— அம்ம ரெண்டு நாளா இதத்தான் சொல்லிட்டு நடக்காங்க. நீ இருக்கும்பம் உள்ள வந்தா எப்படியும் இந்தப் பேச்சு வரும்ணு தெரியும். வரல்லண்ணா நானே இழுத்து விடுகதுண்ணுதான் இருந்தேன். நடுவுலண்ணு தப்பா சொன்னதும் நீ கேட்டுட்டியாண்ணு அறியத்தான்.

— சாட்சிக்கு அம்மய நிறுத்திட்டு, வக்கீல் மாதிரி கேள்வி கேட்டது அதுக்குத்தானா? பொறவுண்ணா எப்பம், சார் கேட்டா என்ன சொல்லுவண்ணு?

— ஆமா.

— முப்பத்தொண்ணு வயசு ஆம்பிள. ஒரு வரி சொல்லதுக்கு ஒரு அம்மையும், ஒரு ஜெர்மன் ஹெட்ஃபோனும், ஒரு தட்டு முந்திரிக்கொத்தும் வேண்டியிருக்கு.

— தப்புதான். நீ வேண்டாம்ணு சொல்லணும்ணா சொல்லலாம். அது ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி இருக்கட்டும்ணு நெனச்சேன். அவ்வளவுதான்.

— அந்த வேண்டாமையும் நான்தான் சொல்லணும். ஒங்க வாய்க்கு முழு லீவு.

— அஜிதா.

— அப்பா வண்டி வந்தாச்சு. கேக்குதா? ஒங்களுக்கு இந்தப் பக்கம் கேக்கும். இப்பம் என்ன செய்யப்போறீங்க? எங்க அப்பா தலையிலயும் சாம்பல மாட்டிட்டு மாமிய கூப்பிடுவீங்களா?

— இல்ல.

— பின்ன தலையக் குனியாம எழும்புங்க.

— மண்டபம் கொள்ளாம், நல்ல விசாலம், மக்கா. வண்டி விடத்தான் எடம் பத்தாது. ஜெரிஷ், ஒனக்க அப்பா ரோட்டுல ஒரு ஆள்ட்ட பேசிட்டு நிக்காரு, இப்பம் வருவாரு. அஜிதா, எறங்குவமா?

— மாமா, கொஞ்சம் இருங்க. ஒரு காரியம் சொல்லணும்.

— சொல்லு.

— ஏலே ஜெரிஷே, சார் இப்பந்தானே வந்தாங்க. முதல்ல சாயா குடிக்கட்டு. பேச்சு எங்க ஓடியா போவுது?

— அம்மா, நீ சும்மா இரு. மாமா, எனக்கு இடது காது கேக்காது. நரம்பு போச்சு, இனி வராதுண்ணு டாக்டர் சொல்லியாச்சு. கம்பெனியில ஸ்டோருக்கு மாத்தினது புரமோஷன் இல்ல. இதுக்காக மாத்தினது. நிச்சயத்துக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரியும்.

— எனக்க கர்த்தாவே! நாலு மாசமா பொத்திப் பொத்தி வச்சிருந்தது!

— நீங்க கொஞ்சம் பேசாம இருங்க, நேசபாயம்மா. முப்பத்திநாலு வருஷம் பள்ளிக்கூடத்துல இருந்தேன். காது கேக்காத பிள்ளைய முதல் பெஞ்சுல இருத்தித்தான் எனக்குப் பழக்கம். காது எனக்குக் காரியமே இல்ல. என்னைய மண்டபம் பாக்க அனுப்பிட்டு வீட்டுக்குள்ள மறைச்சு வச்சீங்க பாருங்க, அதுதான் காரியம். ஏட்டி அஜிதா, இங்கோட்டு வா. எனக்க மொகத்தப் பாத்துச் சொல்லு. ஒன்னையும் ஏமாத்தியிருக்காங்கண்ணா நேரா போதகருக்க வீட்டுக்குப் போறேன். ஞாயித்துக்கிழமை ஓல இல்ல. ஒனக்கு இது தெரியுமா, தெரியாதா?

— தெரியும், அப்பா.

— ஒனக்கு யாரு சொன்னா?

— அவங்களேதான் சொன்னாங்க.