நீர்யானையின் வயிற்றுத் தையல்

இப்போதெல்லாம் யாரும் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை, முதுகால்தான் பார்க்கிறார்கள். பதினெட்டு அடி நீளத்துக்கு ஒரு நீர்யானை படுத்திருக்கிறது. வந்தவன் அதற்கு முதுகைக் காட்டி நின்று, போனைத் தூக்கிப் பிடித்து, தன் மூஞ்சியைத் தானே பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டுப் போகிறான். அதற்கு எத்தனை கால் என்று கேளுங்கள், முழிப்பான். இவர்களைத்தான் சாட்சி என்று நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். சிரிப்பு வருகிறது ஐயா. நானே சொல்லிவிடுகிறேன். படிப்பு எனக்கு நாலாம் வகுப்பு, அதனால் எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். காட்டினாலும் நம்புவேனா என்பது வேறு விஷயம்.

நீர்யானையைச் செய்தது என் வீட்டுக்காரி. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி, மூன்றையும் சேர்த்துக் குத்தித் தைத்துப் போர்வை செய்வார்கள் இல்லையா, அதே வேலைதான். ஆனால் போர்வை தட்டையாகக் கிடக்கும். இதற்கு வயிறும் பிட்டமும் உண்டு.

மிருகக்காட்சி சாலையில் ஒரு நாள் நீர்யானையைப் பார்த்தாள். காவலாளி தட்டினான், கத்தினான், கீரைக்கட்டைக் காட்டினான். அது அசையவில்லை.

"யாரு கூப்பிட்டும் எழுந்திரிக்கல பாருங்க. எனக்கு இது வேணும்," என்றாள்.

"வீட்டுல எங்கடி கட்டுவே?"

"தைக்கிறேன்."

மூன்று வருஷம் தைத்தாள். முதலில் களிமண்ணில் கை அளவுக்குப் பொம்மை பிடித்தாள். அதன்மேல் காகிதம் ஒட்டி, வெட்டி, பெரிதாக வரைந்து, துண்டு துண்டாகத் துணியில் எடுத்தாள். உறவுக்காரர்களின் பழைய துணியெல்லாம் வந்து சேர்ந்தது. அவள் அம்மாவின் பட்டுப்புடவை நெற்றிக்குப் போனது. என் சட்டைகள் பிட்டத்துக்குப் போயின. மரியாதை அவ்வளவுதான். கூடம் முழுக்க நீர்யானை. சாப்பிடப் போக வேண்டுமென்றால் சுவரோடு சுவராக வயிற்றை எக்கிக்கொண்டுதான் போக வேண்டும். நான் குறை சொல்லவில்லை. அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன்னால் இருந்ததில்லை. ஒரு காதை மாட்டிய அன்றைக்கு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஒற்றைக் காதோடு அது எங்கள் எதிர்வீட்டுக்காரர் மாதிரியே இருந்தது.

என் பங்கும் உண்டு. நாற்பது வருஷம் சோபா, குஷன் வேலை செய்தவன் நான். விலா எலும்புக்குப் பிளாஸ்டிக் குழாயை வளைத்துக் கொடுத்தேன். உள்ளே ஆள் தவழ்ந்து போய் முடிச்சுப் போட இடம் விட்டேன். உள்பக்கம் பருத்தித் துணி போதும் என்றாள் அவள். பஞ்சுத்தூசி இறங்கும், ரெக்சின்தான் என்றேன் நான். ரெக்சின்தான் போட்டோம். வயிற்றுக்கடியில் இரண்டரை அடிக்கு ஒரு வாசல். அதற்கு ஜிப் வைக்கச் சொன்னாள். ஜிப்பை நான் நம்பமாட்டேன், என்றைக்காவது காலை வாரும். வளைந்த ஊசியால் இந்த ஓரத்தில் ஒரு குத்து, அந்த ஓரத்தில் ஒரு குத்து என்று ஏணிப்படி மாதிரி ஏறிப்போய், கடைசியில் நூலைச் சுண்டி இழுத்தால் இரண்டு ஓரமும் ஒட்டிக்கொள்ளும். தையல் இருந்த இடம் தெரியாது. எல்லாம் முடிந்ததும் அப்படித்தான் மூடுவது என்று முடிவு செய்தோம்.

உள்ளே நுரைத்துண்டு ஒட்டுகிற பசை தலையைச் சுற்றும். வாசல் திறந்திருந்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆள் உள்ளே இருக்கக் கூடாது என்று ஒரு விதி. நான் வைத்த விதிதான். கடையில் ஒரு தடவை நானே விழுந்திருக்கிறேன். விழுவதற்கு முன்னால் பயங்கரமாகச் சிரிப்பு வரும்.

இனி அவள் தம்பி. அவனை நான் சென்ட்டு என்றுதான் கூப்பிடுவேன். ஆள் தெருமுனையில் திரும்பும்போதே வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். ஊசி பிடிக்கத் தெரியாது. ஆனால் நீர்யானையைப் பார்க்க யார் வந்தாலும் முன்னால் நிற்பான். "இதோட மௌனம்தான் முக்கியம்" என்பான். மௌனத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவான். கண்காட்சிக்காரம்மாவைக் கூட்டி வந்தது அவன்தான், அதை இல்லை என்று சொல்லவில்லை.

கண்காட்சி மண்டபத்தில் நீர்யானைக்கு முன்னால் ஒரு அட்டை வைத்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதலில் அவள் பெயர். அடுத்து, கருத்து என்று போட்டு அவன் பெயர். அதற்குக் கீழே வெறும் அட்டை.

"என்னடி இது? அவன் என்ன கருத்தைக் கிழிச்சான்?"

"போட்டுட்டுப் போகட்டுமே. அவன் பேரு இருந்தா நீர்யானை எழுந்து ஓடிடுமா?" என்றாள் அவள்.

சென்ட்டு என் தோளில் கை போட்டான். "அத்தான், கலைன்னா உங்களுக்குப் புரியாது. நீங்க நல்ல தொழிலாளி, அது வேற."

என் பெயரைப் பற்றி நான் பேசவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. பேசவே இல்லை. அவள் மூன்று வருஷ உழைப்பில் இன்னொருவன் குந்துகிறானே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அவளுக்காகத்தான்.

திறப்பு விழா அன்றைக்குக் காலையில் பார்த்தால் தொண்டைப் பக்கம் ஒரு விலா நழுவி, தாடை தொங்கிப்போயிருந்தது. வாசல் வழியாக நீளக் குச்சியை விட்டு நான் பசையடித்தேன், கொஞ்சம் தாராளமாகவே. பிறகு யாராவது உள்ளே போய்க் குழாயை இழுத்துக் கட்ட வேண்டும். எனக்கு முட்டி போட்டுத் தவழ முடியாது. அவள் சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தாள்.

"நீ விடுக்கா, நான் போறேன். அத்தான், போட்டோக்காரன் வந்ததும் தட்டுங்க. நான் உள்ளேருந்து வெளிய வர்ற மாதிரி ஒண்ணு எடுக்கணும்," என்றான் சென்ட்டு.

அவள் முகம் கழுவி வேறு சேலை கட்டப் போனாள். அவன் வாசனையோடு உள்ளே தவழ்ந்தான். வாசலுக்கு வெளியே அவன் செருப்பு மட்டும் இருந்தது. நான் வளைந்த ஊசியில் நூல் கோத்தேன். எப்படியும் மூட வேண்டியதுதானே.

அப்படித் தைத்து வருஷக்கணக்காகிறது ஐயா. கை தானாக ஓடியது. பாதி தூரம் போனபோது, "அத்தான், இருட்டுதே" என்றான்.

"வேலையைப் பாரு மச்சான். மேகம் போட்டிருக்கு," என்றேன்.

மண்டபத்துக்குள் மேகம். எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. நூலைச் சுண்டி இழுத்தேன், வாசல் மறைந்தது. செருப்பை எடுத்து மேடைக்கடியில் தள்ளினேன்.

ஜனங்கள் வந்தார்கள். சற்று நேரத்தில் நீர்யானை குலுங்கியது. உள்ளேயிருந்து ஹோ ஹோவென்று சிரிப்பு. பஞ்சும் ரெக்சினும் தாண்டி வந்ததால் அது மனுஷச் சிரிப்பு மாதிரியே இல்லை, நிஜமாகவே நீர்யானை சிரிப்பது போல இருந்தது.

"உள்ள மிஷின் வெச்சிருக்காங்க!" என்றாள் ஒருத்தி.

"என்ன தத்ரூபம் பாரு, வயிறு எப்படி ஆடுது!" என்றான் அவள் புருஷன்.

ஜனங்கள் கை தட்டினார்கள். அது உதைத்தது. இன்னும் பலமாகத் தட்டினார்கள். கண்காட்சிக்காரம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பேரப்பிள்ளை பிறந்தபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை. பத்து நிமிடம் எப்போது தாண்டியது என்று கேட்டீர்கள். தாண்டியது தெரியும். சிரிப்பு நின்றதும் தெரியும். ஜனங்களுக்குத்தான் ஏமாற்றம், "அவ்வளவுதானா?" என்றார்கள்.

அவள் புதுச்சேலையில் வந்தாள். "தம்பி எங்கங்க?"

"இங்கதான்."

குனிந்து வயிற்றைத் தடவினாள். அந்த மண்டபத்தில் என் தையலைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"மூடிட்டீங்களா?"

"மூடியாச்சு. எப்படி இருக்கு, பாரு."

அவள் பார்க்கவில்லை. ரிப்பன் வெட்டத் தட்டில் வைத்திருந்த கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். நேராக விலாப்பக்கம். மூன்று வருஷம் ஐயா, இரண்டாயிரம் துண்டுக்கு மேல். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வெட்டாதே. நான் பிரிச்சுத் தரேன், ஒவ்வொரு குத்தா. துணிக்கு ஒண்ணும் ஆகாது."

"விடுய்யா! உள்ள என் தம்பி இருக்கான்யா!"

நாற்பது வருஷத்தில் அவள் என்னை 'யா' போட்டுப் பேசியதில்லை. நான் விடவில்லை. மிஷின் என்று சொன்னவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள், இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்தார்கள். நாலு நிமிடம் பிடித்திருந்தேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். என்னிடம் கடிகாரம் இல்லை. மண்டபத்துக் காவலாளியும் இன்னொருவனும் வந்து என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். பலமான விரல்கள், தொழில் அப்படி.

பிறகு அவள் வெட்டினாள். விலாவிலிருந்து நெற்றிவரை, அம்மாவின் பட்டு உட்பட, கறி வெட்டுகிற மாதிரி வெட்டினாள். அவனை இழுத்துப் போட்டார்கள். மடியில் தலையை வைத்துக்கொண்டு கன்னத்தில் தட்டினாள். கண்ணைத் திறந்து பார் என்றாள். அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். நான் துணியைப் பார்த்தேன். இனி ஒட்ட வைக்க வழியில்லை.

அவளுக்கு அவள் வேலைமேல் இவ்வளவுதான் பிடிப்பு என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் நான் ஊசியைத் தொட்டிருக்கவே மாட்டேன். கொன்றது நான்தான், அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். ஆனால் கெடுத்தது அவள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் நான் குனிந்து ஒருமுறை பார்த்தேன். வெட்டுக்கு ஒரு சாண் கீழே என் தையல் ஒரு இழை பிசகாமல் இருந்தது. திரும்பி நடந்தேன். யாரும் தடுக்கவில்லை. படி இறங்கும்போதும் அதைத்தான் நினைத்தேன், இப்போதும் அதையே சொல்கிறேன்: பொறுமையாகப் பிரித்திருந்தால் இருபது நிமிடம்தான்.