செயலாளரின் ஹார்ட் டிஸ்க்

— இதைத் துணிக்கடைக் கவர்ல போட்டா கொண்டு வந்தீங்க, சார்?

— பின்னே பட்டுல பொதிஞ்சா கொண்டு வரணும்? சர்ச் ஆபீஸ் கம்ப்யூட்டரைக் காலையில ஆன் பண்ணினேன், புகையாப் போச்சு. எலெக்ட்ரீசியன் ஜேசுதாஸ் இதை மட்டும் கழத்தித் தந்தான். சபைத் தேர்தல் வோட்டர் லிஸ்ட் இதுக்குள்ளயாக்கும் கிடக்கு. அஞ்சு மணிக்குள்ள கோயில் போர்டுல ஒட்டணும், இல்லன்னா தேர்தல் கிடையாது. நாகர்கோவில்ல கேட்டா நாலு நாள் ஆகும்னுட்டான். அதனாலயாக்கும் உன் கடைப் படி ஏறினது, கேட்டியா பெமிலா.

— கொள்ளாம், நல்லா இருக்கு. செயலாளர் பதவிக்கு உங்களுக்கு எதிரா நிக்கப் போறவகிட்டயே வந்திருக்கீங்க.

— நில்லு. யாரு வேண்டாம்னா? பதினாலு வருஷமா நான் இருக்கப்பட்ட நாற்காலி அது. டி.டி.பி. அடிக்கதுபோலன்னு நினைச்சியா? உன் கம்ப்யூட்டர்ல வின்டோஸ் கூட கிடையாதாம். ஓசியில கிடைச்ச என்னவோ ஒண்ணாம்.

— லினக்ஸ், சார். ஓசிதான். உங்க வின்டோஸ் மட்டும்? உங்க ஆபீஸ் பையன் யூஜின் கொண்டு வந்து போட்ட களவுச் சி.டி. ஞாயிறு தோறும் பத்துக் கட்டளை வாசிக்கிற கோயில்ல.

— நாக்கு மட்டும் நல்ல நீளமாக்கும். வேலையப் பாரு.

— பாத்துட்டுதான் இருக்கேன். டிஸ்க்ல எழுதியிருக்கப்பட்ட முறை வின்டோஸோடது. இந்தக் கம்ப்யூட்டருக்கு அன்னியம். இந்த முறையிலயாக்கும் எழுதியிருக்குன்னு சொல்லிக் கொடுத்து, ஒரு ஃபோல்டரோட கோத்து விடணும். அதுக்கு மவுண்ட்னு பேரு.

— எனக்கு கிளாஸ் எடுக்காத. முப்பத்தொரு வருஷம் நானாக்கும் கிளாஸ் எடுத்தது.

— எடுத்தும் கம்ப்யூட்டரை அணைக்கத் தெரியல்ல. இந்தா, மாட்டேங்குது பாருங்க.

— என்ன மாட்டேங்குது? கறுப்புல வெள்ளையா என்னமோ ஓடுது.

— நேத்து ஷட் டவுன் கொடுக்கல்ல நீங்க. ஹைபர்நேட் கொடுத்துட்டு எழும்பிப் போயிருக்கீங்க. வின்டோஸ் பாதி வேலையில நிக்குது. இப்பம் வெளியில இருந்து உள்ள கேறி எதையும் எழுதினா உள்ளதெல்லாம் கலங்கிரும், அதனால விட மாட்டேன்னு லினக்ஸ் சொல்லுது.

— ரெண்டுமே அணைக்கதுதானே?

— முப்பத்தொரு வருஷம், சார்.

— சரி சரி. இனி என்ன செய்ய?

— எழுத மாட்டேன், வாசிக்க மட்டும் விடுன்னு கேக்கணும். ரீட் ஒன்லி. இதோ, விட்டுட்டுது. உள்ளது எல்லாம் தெரியுது.

— அப்பம் உன்னால ஒரு பேரைக்கூட அழிக்க முடியாது?

— ஒரு புள்ளி கூட வைக்க முடியாது.

— நல்லது. ரசலையன் மகள் கையில லிஸ்டைக் கொடுத்துட்டு நான் பயந்துகிட்டே இருக்க வேண்டாம்.

— எங்க அப்பாவ இழுக்காதீங்க. மூணு வருஷம் முன்னால, பிள்ளைகளுக்கு இஷ்டமாக்கும், பேசி முடிப்போம்னு உங்க வீட்டுக்கு வந்தாரு. உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல்ல நீங்க. கேட்டுக்கு வெளியில நிப்பாட்டி அனுப்பினீங்க. உங்களப்போல ஒரு மாமனார் எந்தப் பெண்ணுக்கும் வரப்பிடாது.

— உன் அப்பன் மூஞ்சி எனக்கு அப்பமும் பிடிக்காது, இப்பமும் பிடிக்காது. என் மகன் பிரபின் என்ன செய்தான்? கத்தார்ல இருந்துகிட்டு ஒரு பெண்ணைப் பாக்க விட்டானா? ஜனவரியில லீவுக்கு வந்தான். ஃப்ரெண்டைப் பாக்கணும்னு தினசரி நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினான். லீவு தீந்தது, போனான்.

— அது உங்க வீட்டுக் காரியம். ஃபைல் பேரைச் சொல்லுங்க.

— வாக்காளர் இறுதி.

— 'இறுதி', 'இறுதி 2', 'இறுதி சரியானது', 'இறுதி சரியானது புதியது'. கொள்ளாம். பதினாலு வருஷ நிர்வாகம்.

— கடைசியில உள்ளதாக்கும். பிரிண்டு போடு. வாசிக்க வேண்டாம்.

— திறந்தா கண்ணு வாசிக்கும், சார். நூத்திப் பன்னிரண்டாம் நம்பர் குடும்பம். ரசலையன், பூங்கனி. அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— அம்மாவுக்குக் கீழ என் பேரு எங்க?

— அங்க கிடையாது.

— பழைய ஃபைல்ல இருக்கு. இந்தா, மூணாவதா. புதுசுல இல்ல. யாரு எடுத்தது?

— நானாக்கும். வேற ஒருத்தரும் தொடல்ல.

— வெக்கமில்லாம சொல்லுகீங்க. லிஸ்ட்ல பேரு இல்லன்னா திங்கக்கிழமை நான் நாமினேஷன் கொடுக்க முடியாது. ஒரு பெண்ணுகிட்ட தோத்துருவோம்னு பயந்து இதைச் செய்திருக்கீங்க. எனக்கு ஞானஸ்நானம் தந்த கோயில் சார் அது. பதினெட்டு வருஷமா பாடகர் குழுவுல நின்னிருக்கேன். உங்க வீட்டு கேட்டை எங்க அப்பா முன்னால சாத்தினீங்க, சரி, அது உங்க கேட்டு. கோயிலும் உங்க பேர்லயா கிடக்கு? நான் பிரிண்டு போட மாட்டேன். டிஸ்க்கை எடுத்துட்டுப் போங்க.

— பேசி முடிச்சியா?

— இல்ல.

— முடிச்சிட்டு நாப்பத்தேழாம் நம்பர் குடும்பத்தைப் பாரு.

— அது உங்க குடும்பம்.

— எனக்குத் தெரியாதா? வாசி.

— சத்தியநேசன். நேசபாய். பிரபின்.

— ஏன் நிப்பாட்டிட்ட?

— அதுக்குக் கீழ சரியாத் தெரியல்ல.

— கண்ணாடி போட்ட எனக்கே தெரியுது. 'பெமிலா, கணவர் பிரபின்.'

— யாரு சொன்னது உங்ககிட்ட?

— அவனாக்கும். கழிஞ்ச ஞாயிறு ஃபோன்ல, அவன் அம்மைகிட்ட. ஜனவரியில ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டாச்சாம். எட்டு மாசம் ரெண்டு பேரும் ஒண்ணும் தெரியாதவங்க மாதிரி இருந்திருக்கீங்க. நேசபாய் மூணு நாள் எனக்கிட்ட வாய் திறந்து மிண்டல்ல. நீங்க கேட்டைச் சாத்தினதாலயாக்கும் பிள்ளைங்க ஆபீஸ் வாசல்ல போய் நின்னதுன்னு ஒரு தடவை சொன்னா, அவ்வளவுதான். போதகர்ட்ட பேசிட்டேன். கிறிஸ்மஸுக்கு அவன் வந்ததும் கோயில்ல ஆசீர்வாதம்.

— எங்க வீட்டுல இன்னும் சொல்லல்ல. இந்த லிஸ்டை ஒட்டினா...

— அதை ஒட்டுகதுக்கு முன்னால நானே வந்து சொல்லுகேன். உன் அப்பன் என்னைக் கேட்டுக்கு வெளியில நிப்பாட்டினா நின்னுட்டு வாறேன்.

— அப்பம் தேர்தல்? நான் நிக்கப்பிடாதுன்னா சொல்லுகீங்க?

— எதுக்கு நிக்கப்பிடாது? நில்லு. எனக்கு எதிரா ஓட்டும் கேளு, நேசபாய் உனக்குத்தான் போடுவேன்னு இப்பமே சொல்லிட்டா. கல்யாணம் கழிஞ்ச பெண்ணு அப்பன் வீட்டு நம்பர்ல நின்னுகிட்டு என்னைத் தோக்கடிக்கப்பிடாது, அதாக்கும் சபைச் சட்டம். நம்ம வீட்டு நம்பர்ல நின்னு தோக்கடி.