சாம்பல் ஒட்டின பணிஸ்

யதுஷா: றேமண்ட், கறண்ட் அவண் அடுப்பில சுட்ட பணிஸில சாம்பல் எங்கால?

றேமண்ட்: ரோட்டுத் தூசி மிஸ்.

யதுஷா: அடியும் கருகியிருக்கு...

ஐறீன்: தம்பி தேத்தண்ணியையும் கருக்குற ஆள் மிஸ்.

யதுஷா: நீங்கள்...?

ஐறீன்: பக்கத்து வீடு. ஐறீன்.

யதுஷா: ஓ... கொரோனாவில தொழில் போன ஆக்களுக்கு அரசாங்கம் அவண் குடுக்குது எல்லோ, அதில அடுத்த பேர் உங்கடதான்.

ஐறீன்: ஆறுதலா வரட்டும்.

யதுஷா: கொட்டாஞ்சேனைக்கு இனி வராது அக்கா. அரசாங்கம் தந்த சல்லி முடிஞ்சுது. ஆராவது பாவிக்காம வைச்சிருந்தா, அதை எடுத்துத்தான் மற்ற ஆளுக்குக் குடுப்பம். அதுதான் வீடு வீடாப் பார்க்கிறன்... றேமண்ட், அவணைத் திறங்கோ.

றேமண்ட்: சூடு மிஸ்.

யதுஷா: தொட்டுப் பார்த்தனான். குளிருது.

ஐறீன்: காலமை சுட்டது...

யதுஷா: உங்கட கையில என்னக்கா கரி?

ஐறீன்: அது சும்மா மிஸ்.

யதுஷா: சொல்லுங்கோ.

ஐறீன்: நான்தான் சுடுறனான். சட்டியில வைச்சு, மூடிக்கு மேல சிரட்டை நெருப்புப் போட்டு. தம்பி சந்தியில விக்கிறார். ஆளுக்குப் பாதி.

யதுஷா: எனக்கு விளங்கேல்லை. இவர் அவணைச் சும்மா வைச்சிருக்கிறார் எண்டு ஒரு சொல் சொன்னா, அது உங்களுக்கு. நீங்கள் கண் எரிய நெருப்பு ஊதி இவரைக் காப்பாத்துறீங்கள். ஏன்?

ஐறீன்: விடுங்கோ மிஸ்.

யதுஷா: கோபமில்லை. அறியத்தான் கேட்கிறன்.

ஐறீன்: அதை அவர்தான்...

றேமண்ட்: அக்காவுக்கு ஒண்டும் தெரியாது.

ஐறீன்: தெரியும் தம்பி. ஒருநாள் நீங்கள் இல்லாத நேரம் பணிஸ் வைக்க வந்து, அவணைத் திறந்தனான். அப்பிடியே மூடிப்போட்டன்.

றேமண்ட்: எண்டைக்கு?

ஐறீன்: கனநாள்.

யதுஷா: உள்ளுக்கு என்ன இருக்கு?

றேமண்ட்: சாமினியின்ர பை. என்ர மனிசி. கொரோனா வாட்டில செத்தவ. அவணுக்கு எழுதிக் குடுத்ததே அவதான். அது வரேக்க அவ இல்லை. பையை ஆஸ்பத்திரியில கட்டித் தந்தவை. என்ன இருக்கெண்டு இன்னும் அவிழ்த்துப் பார்க்கேல்லை. இந்த ஒற்றை அறையில, ஒரு சாமானை வைச்சுக் கதவை மூட அந்த இடம்தான் இருந்தது... அக்கா, பையை நான் எடுக்கிறன். நீங்கள் அவணைக் கொண்டுபோங்கோ.